ஸ்டில்லுல சொட்டு வரல, ஆவி கசியுது, தண்ணி பச்சையா வருது: எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

இது வீட்டுல வச்சு வாசனை எண்ணெயும் ஹைட்ரோசாலும் (எண்ணெயோட சேர்ந்து வடியிற வாசனைத் தண்ணி) வடிக்கிற சின்ன ஸ்டில்லுக்கு எழுதினது, 5 லிட்டர்ல இருந்து 30 லிட்டர் வரைக்கும், காப்பரோ ஸ்டீலோ கண்ணாடியோ எதுவா இருந்தாலும் சரி. சாராயம் வடிக்கிறது இதுல வராது, பெரும்பாலான நாடுகள்ல லைசென்ஸ் இல்லாம அத வடிச்சா கேஸ் தான், நியூசிலாந்து மாதிரி 1996ல இருந்து சொந்த உபயோகத்துக்கு அனுமதிச்ச நாடெல்லாம் ரொம்ப கம்மி, போதாததுக்கு ஆல்கஹால் ஆவி கசிஞ்சு அடுப்புல பட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. அதனால இங்க தண்ணி, செடி, ஆவி அவ்வளவு தான்.

எல்லாரும் ஒரே பேர்ல பேசணும்னு பாகங்கள சொல்லிடுறேன். கீழ தண்ணி கொதிக்கிறது பாய்லர், அதுக்கு மேல செடி அடுக்குற கூடை, கூடைக்கு அடியில ஜல்லடை தட்டு, மேல மூடி, மூடில இருந்து போற ஆவிக் குழாய், அது போய் சேர்ற கண்டென்சர் (வாளிக்குள்ள சுருளா இருக்கலாம், இல்ல குழாய்க்குள்ள குழாயா நேரா இருக்கலாம்), கடைசில எண்ணெயையும் தண்ணியையும் பிரிக்கிற செப்பரேட்டர்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் முதல்லயே வச்சுக்கோங்க: என்ன பிரச்சனையா இருந்தாலும் கை முதல்ல போக வேண்டியது அடுப்போட நாபுக்கு, மூடிக்கு இல்ல. ஸ்டில்லுல வர்ற கோளாறுல பாதிக்கு மேல சூடு உள்ள போற வேகமும் கண்டென்சர் அத வெளிய எடுக்கிற வேகமும் பொருந்தாததால வர்றது தான், அத சரி பண்ணாம கேஸ்கெட் மாத்தி, குழாய் மாத்தி, ஃபோரம்ல கேட்டு, கடைசில புது ஸ்டில்லே வாங்கிடுறாங்க.

கொதிக்கிற சத்தம் கேக்குது, ஆனா வெளிய ஒரு சொட்டு கூட வரல

இத முதல்ல வைக்கிறதுக்கு காரணம் இதுல தான் ஆபத்து அதிகம். உடனே அடுப்ப ஆஃப் பண்ணுங்க, மூடியயோ கிளாம்பயோ தொடாதீங்க, தள்ளி நின்னு பாருங்க. ஆவி எங்கயோ போகணும், வெளிய வரலன்னா ஒண்ணு ஜாயிண்ட்ல கசியுது (அது பரவால்ல), இல்லன்னா எங்கயோ அடைச்சிருக்கு (அது பரவால்ல இல்ல).

ஆவிக் குழாய் தொடங்குற இடத்துல கைய பக்கத்துல மட்டும் கொண்டு போய் சூடு தெரியுதான்னு பாருங்க, தொட வேண்டாம். குழாயே இன்னும் சூடாகலன்னா ஆவி அங்க வரைக்கும் வரவே இல்லன்னு அர்த்தம், செடி நிறைய அடுக்கியிருந்தா அது முழுக்க சூடேறி முடியிற வரைக்கும் ஆவி மேல வராது, இதுக்கு அரை மணி நேரம் கூட ஆகும், அடுப்ப திரும்ப போட்டு பொறுமையா இருந்தா போதும். குழாய் நல்லா சூடா இருக்கு ஆனா அந்தப் பக்கம் ஒண்ணுமே வரலன்னா அடைப்பு தான். நல்லா ஆறினதுக்கு அப்புறம் கழட்டி, வெளிய வர்ற முனையில இருந்து தண்ணி ஊத்தி பாருங்க.

அடைக்கிறது பெரும்பாலும் என்னன்னா, கூடைய விளிம்பு வரைக்கும் நிரப்பி இலை மேல ஏறி குழாய் வாய மூடிக்கிறது. மூடிக்கும் செடிக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி விடுங்க, பொடியா அரைச்சத அப்படியே போடாதீங்க. இன்னொரு காரணம் பலருக்கு தோணவே தோணாது: கண்டென்சர் தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கிறது. அன்னாசிப்பூ எண்ணெயும் ரோஜா எண்ணெயும் 20 டிகிரிய ஒட்டியே உறைய ஆரம்பிச்சிடும், ஐஸ் போட்ட வாளில சுருள் இருந்தா உள்ளயே மெழுகு மாதிரி கட்டிக்கும், அதுக்கு கண்டென்சர் தண்ணிய கொஞ்சம் வெதுவெதுன்னு விட்டாலே இளகி ஓடி வந்துடும். கற்பூரம் அப்படி இல்ல, அது 170 டிகிரிக்கு மேல தான் உருகும், சுருள்ல படிஞ்சா சுடுதண்ணிக்கு அசையாது, கழட்டி அடுப்பு பக்கம் இல்லாத இடத்துல ஸ்பிரிட் ஊத்தி கரைச்சு தான் எடுக்கணும். கற்பூரம் நிறைய இருக்கிற செடின்னா சுருள் கண்டென்சரே வேண்டாம், அகலமான நேர் குழாய் தான் சரி.

குக்கர பாய்லரா மாத்தி வச்சிருக்கவங்களுக்கு தனியா ஒண்ணு: வெயிட் எடுத்துட்டு அந்த இடத்துல குழாய் மாட்டுறது சரி, பக்கத்துல இருக்கிற சேஃப்டி வால்வ மட்டும் எந்த காரணத்துக்கும் அடைக்காதீங்க, அங்க லேசா கசியுதுன்னு எம்-சீல் வச்சு மூடுறவங்கள நிறைய பாத்தாச்சு. அதே மாதிரி கண்டென்சர்ல இருந்து செப்பரேட்டர் வரைக்கும் எங்கயாவது ஒரு இடம் காத்துக்கு திறந்தே இருக்கணும், முழுக்க சீல் பண்ண ஸ்டில் ஒரு வெடிகுண்டு.

வெளிய வர்ற தண்ணி சுடுது, குழாய் முனையில ஆவி பறக்குது

அந்த ஆவியோட தான் உங்க எண்ணெய் போகுது, வீடு மணக்கும், பாட்டில்ல ஒண்ணும் இருக்காது. முனைய உத்துப் பாருங்க. நல்லா ஓடுற ஸ்டில்லுல சொட்டு சொட்டா வேகமா, இல்லன்னா பென்சில் முனை தடிமன்ல நூல் மாதிரி சீரா வரும், கைல பட்டா வெதுவெதுன்னு இருக்கும். விட்டு விட்டு துப்புற மாதிரி, புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்தா ஆவி தண்ணியாகாமலே தப்பிக்குது.

முதல்ல அடுப்ப குறைங்க. அதுலயே சரியானா கண்டென்சர் அளவுக்கு மீறி சூடு குடுத்திருக்கீங்க. இத கணக்காவே பாத்துக்கலாம்: 1 கிலோவாட் ஹீட்டர் நஷ்டமே இல்லாம ஓடினா மணிக்கு சுமார் 1.6 லிட்டர் தண்ணிய ஆவியாக்கும், நடைமுறைல கொஞ்சம் கம்மி. அந்த ஆவியில ஒவ்வொரு லிட்டரையும் திரும்ப தண்ணியாக்கி ஆற வைக்க, குளிர்விக்கிற தண்ணி 30 டிகிரி சூடேறலாம்னு வச்சா, கிட்டத்தட்ட 20 லிட்டர் தண்ணி வேணும். இப்ப புரியும் 10 லிட்டர் வாளில சுருள வச்சுட்டு தண்ணி மாத்தாம 2 லிட்டர் வடிக்க பாக்குறது ஏன் வேலைக்கு ஆகாதுன்னு, ஒரு லிட்டர் வர்றதுக்குள்ளயே வாளி சுடுதண்ணி ஆகிடும்.

அடுப்ப குறைச்சும் சரியாகலன்னா தண்ணி போற திசைய பாருங்க. குளிர் தண்ணி கீழ நுழைஞ்சு மேல வெளியேறணும், ஆவி மேல இருந்து கீழ வரும், ரெண்டும் எதிரெதிரா போகணும். மாத்தி மாட்டினா நேர் கண்டென்சர்ல ஜாக்கெட் (குளிர் தண்ணி ஓடுற வெளிக் குழாய்) முழுசா நிரம்பாம மேல் பாதி காலியா கிடக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது, கைய வச்சு தடவினா ஒரு பக்கம் சுடும் ஒரு பக்கம் ஜில்லுன்னு இருக்கும். வாளியா இருந்தா சூடான தண்ணி மேல மிதக்கும், அதனால புதுத் தண்ணிய ஹோஸ் வச்சு அடி வரைக்கும் விட்டு, மேல வழிய விடுங்க, மேல ஊத்தினா ஜில் தண்ணி அப்படியே வழிஞ்சு போய்டும்.

ஜாயிண்ட்ல ஆவி கசியுது

சின்ன கசிவு கண்ணுக்கு தெரியாது, ஏன்னா நிஜ ஆவிக்கு நிறமே கிடையாது, வெள்ளையா தெரியறது ஆறி திவலையானது. ஒரு ஸ்டீல் ஸ்பூன ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து அதோட முதுகுப் பக்கத்த ஜாயிண்ட்ட சுத்தி மெதுவா கொண்டு போங்க, எங்க பனி படியுதோ அங்க தான் ஓட்டை. கைய வச்சு தேடாதீங்க, ஆவி சுட்டா சுடுதண்ணிய விட மோசம்.

ஓடும்போதே அடைக்கணும்னா கோதுமை மாவ தண்ணில கெட்டியா பிசைஞ்சு அப்புங்க, சூட்டுலயே இறுகிடும், முடிஞ்சதும் தண்ணி விட்டா கழண்டு வந்துடும். காப்பர் அலெம்பிக் (பழைய பாணி ஸ்டில்) வச்சிருக்கவங்க காலங்காலமா பண்றது இது தான், அசிங்கமா இருக்கும் ஆனா வேலை செய்யும். நிரந்தரமா வேணும்னா டெஃப்லான் டேப் இல்லன்னா டெஃப்லான் கேஸ்கெட். சிலிக்கான் சூட்டுக்கு தாங்கும் ஆனா வாசனைய குடிச்சுக்கும். சாதாரண ரப்பர், பிவிசி ஹோஸ் எல்லாம் ஆவி போற பாதைல கூடவே கூடாது, எலுமிச்சை வகை எண்ணெய்ல இருக்கிற லிமோனீன் தெர்மோகோலயே கரைச்சிடும், மலிவான பிளாஸ்டிக்க விட்டு வைக்குமா. கண்டென்சருக்கு குளிர் தண்ணி கொண்டு போற ஹோஸ் மட்டும் எதுவா இருந்தாலும் சரி.

மூடி கசியுதுன்னு இன்னும் இன்னும் கிளாம்ப் போட்டு இறுக்குறதுக்கு முன்னாடி யோசிங்க, திறந்த சிஸ்டத்துல அழுத்தமே பெருசா இருக்கக் கூடாது, மாவுப் பசையையும் தள்ளிக்கிட்டு ஆவி வருதுன்னா அது அடைப்போட அறிகுறி, முதல் பகுதிக்கு போங்க.

வடிஞ்சு வர்ற தண்ணி பச்சையா, பழுப்பா, நுரையோட வருது

கலர பாத்து ரெண்டு மூணு விதமா பிரிக்கலாம்.

பழுப்பு இல்ல இலைப்பச்சை, கூட நுரையும் துகளும் இருந்தா பாய்லர்ல கொதிக்கிற தண்ணியே பொங்கி குழாய் வழியா வந்துடுச்சு. அது ஹைட்ரோசால் இல்ல, கஷாயம். பாய்லர மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, செடிய தண்ணிக்குள்ளயே போட்டு கொதிக்க விடுறவங்க பாதியோட நிறுத்திக்கோங்க, சில செடில நுரைக்கிற சபோனின் நிறைய, அதுக்கு அடுப்பு இன்னும் சிம்ல இருக்கணும். இப்படி பொங்கினதுக்கு அப்புறம் கண்டென்சர கழுவாம தொடர்ந்து ஓட்டினா அடுத்து வர்றதும் கலங்கலா தான் வரும்.

தண்ணி தெளிவா இருக்கு ஆனா நீலப்பச்சை சாயல்னா, எந்த லேயர்ல கலர் இருக்குன்னு பாருங்க, இது முக்கியம். தண்ணி லேயர்ல இருந்தா காப்பர் களிம்பு. ஹைட்ரோசால் லேசா அமிலத்தன்மை உள்ளது, சுருளுக்குள்ள படிஞ்ச களிம்ப கரைச்சு கொண்டு வந்துடும், அத கொட்டிடுங்க, முகத்துக்கும் வேண்டாம் வாய்க்கும் வேண்டாம். தண்ணி நிறமில்லாம மேல மிதக்கிற எண்ணெய் மட்டும் மை மாதிரி நீலமா இருந்தா பயப்படாதீங்க, ஜெர்மன் காமோமைல் அப்படித்தான் வரும், செடில இருக்கிற மேட்ரிசின் வடிக்கிற சூட்டுல கமாசுலீனா மாறுறதால வர்ற நீலம் அது, அது வந்தா தான் ஒழுங்கா வடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

களிம்ப எடுக்க 1 லிட்டர் வெந்நீர்ல 30, 40 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு சுருளுக்குள்ள நிரப்பி அரை மணி நேரம் விட்டு, நல்ல தண்ணில அலசி, அப்புறம் வெறும் தண்ணிய வச்சு ஒரு ரவுண்டு ஆவி ஓட்டி அத கொட்டிடுங்க. அதுக்கப்புறம் தான் முக்கியமான வேலை: ஈரத்தோட சுருட்டி வைக்காம காய வைக்கிறது. சுருளுக்குள்ள துணி போகாது, ஊதி தண்ணிய வெளிய தள்ளிட்டு ரெண்டு முனையும் திறந்து ஒரு நாள் வெயில்லயோ ஃபேன் கீழயோ விடுங்க. புது ஸ்டில் வாங்கினாலும் முதல் ஓட்டம் வினிகர் கலந்த தண்ணி, ரெண்டாவது வெறும் தண்ணி, ரெண்டையும் கொட்டிட்டு தான் செடி. சால்டர் பண்ணி ஒட்டின இடத்துல ஈயம் இருக்கான்னு விக்கிறவங்கள்ட்ட தெளிவா கேளுங்க, பழைய கார் ரேடியேட்டர கண்டென்சரா மாட்டுற யோசனை யாராவது குடுத்தா அந்தப் பேச்ச அங்கயே நிறுத்திடுங்க, அதுல இருக்கிறது ஈய சால்டரும் கூலன்ட் மிச்சமும்.

எல்லாம் ஒழுங்கா ஓடுது, எண்ணெய் மட்டும் காணோம்

அதிகம் வர்ற கேள்வி இது தான், பல நேரம் ஸ்டில் மேல தப்பே இல்ல, எதிர்பார்ப்புல தான். ரோஜா எண்ணெய் 1 கிலோ எடுக்க பூ 3 டன்னுக்கு மேல வேணும், அப்போ 1 கிலோ பூவுல உங்களுக்கு வர்றது சில சொட்டு, அதுவும் கண்டென்சர் சுவர்லயும் செப்பரேட்டர் கழுத்துலயும் ஒட்டிக்கிட்டு கண்ணுக்கே தெரியாது. மல்லிகைய ஆவில வடிச்சா அந்த பூ வாசனை ஒழுங்கா வராது, தொழில்ல அதுக்கு சால்வென்ட் தான். கத்துக்கிறவங்க யூகலிப்டஸ் இல்ல கிராம்புல ஆரம்பிங்க, நல்ல கிராம்புல எடைல 15 சதவீதம் கூட எண்ணெய் இருக்கும், அதுலயும் வரலன்னா தான் ஸ்டில்ல சந்தேகப்படணும்.

கிராம்புல வரலன்னு சொல்றவங்க செப்பரேட்டரோட அடியில பாத்தீங்களா? கிராம்பு எண்ணெய் தண்ணிய விட கனம், மேல மிதக்காது, அடியில வெளிர் மஞ்சளா உருண்டை உருண்டையா போய் உக்காந்திருக்கும். லவங்கப்பட்டை எண்ணெயும் அப்படித்தான். மேல இருந்து எண்ணெய் எடுக்கிற மாடல் செப்பரேட்டர்ல இத வடிச்சா தண்ணியோட சேர்த்து சிங்க்ல ஊத்திட்டு எண்ணெயே வரலன்னு சொல்லிட்டு இருப்போம். வெட்டிவேர் இன்னும் படுத்தும், அதோட அடர்த்தி தண்ணிக்கு ரொம்ப பக்கத்துல, கொஞ்சம் மிதக்கும் கொஞ்சம் முழுகும் மிச்சம் நடுவுல தொங்கும், போதாததுக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டணும், ரெண்டு மணி நேரத்துல அடுப்ப அணைச்சா பாதி எண்ணெய் வேர்லயே தங்கிடும்.

அடர்த்தியும் பிரச்சனை இல்லன்னா கூடைய திறந்து பாருங்க. ஒரு பக்கம் செடி வெந்து கருத்து, இன்னொரு பக்கம் பச்சையாவே இருக்கா? ஆவி சுலபமான வழி கிடைச்சா அது வழியாவே போய்டும், மத்த இடத்த தொடவே தொடாது. பெரிய காம்ப நறுக்கி, சமமா பரப்பி, ஓரத்துல லேசா அழுத்தி அடுக்குங்க, நடுவுல இறுக்கிட்டு ஓரத்த லூசா விடுறது தான் வழக்கமா நடக்கிற தப்பு.

எண்ணெய் ரொம்ப கம்மியான செடிக்கு வடிஞ்ச தண்ணியவே திரும்ப பாய்லருக்கு அனுப்புற முறை உதவும், தண்ணில கரைஞ்சிருக்கிற எண்ணெய் வீணாகாது. லேப்ல கிளெவெஞ்சர்னு ஒரு கண்ணாடி கருவி பாத்திருப்பீங்க, 1928ல வந்தது, அது பண்றது இதே வேலைய தான், எண்ணெய் மட்டும் அளவு போட்ட குழாய்ல தங்கும், தண்ணி தானா கீழ இறங்கி திரும்ப கொதிக்கும். ஒரு செடில எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு பாக்க கையளவு செடியோட இத ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பெரிய ஸ்டில்ல ஏத்தலாம்.

பால் மாதிரி கலங்கலா வருது, எண்ணெய் பிரியவே இல்ல

கொதி அதிகமாகி செப்பரேட்டர்ல மேல இருந்து தடதடன்னு விழுந்தா எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணிக்குள்ளயே நிக்கும். வேகத்த குறைச்சு, சுவர்ல வழிஞ்சு இறங்குற மாதிரி விடுங்க. ஏற்கனவே கலங்கினத ஒரு ராத்திரி அசையாம வைங்க, பெரும்பாலும் அதுவே பிரியும், பிரியலன்னா அந்த பகுதிய மட்டும் தனியா எடுத்து உப்பு போட்டு கரைச்சா தண்ணி கனமாகி எண்ணெய் மேல வந்துடும், ஆனா அந்த தண்ணி அப்புறம் ஹைட்ரோசாலா உதவாது. உப்பு போட்டத ஸ்டீல் பாத்திரத்துலயும் விட்டு வைக்காதீங்க, குளோரைடு ஸ்டீல குழி குழியா அரிச்சிடும். இதே காரணத்துக்காக பிளீச்சிங் பவுடர் போட்டு ஸ்டில் கழுவுறதும் கூடாது.

கருகல் வாசனை, இல்ல வேகவச்ச கீரை வாசனை

ரெண்டும் வேற வேற. கீரை வாசனை புதுசா வடிச்சதுல சகஜம், பாட்டில் வாய மெல்லிய துணில மூடி இருட்டான இடத்துல சில நாள் வச்சா பெரும்பாலும் போய்டும். கருகல் போகாது. செடி பாய்லர் அடில ஒட்டியிருக்கு, இல்ல தண்ணி வத்திடுச்சு. எவ்வளவு வடிஞ்சிருக்குன்னு பாத்துக்கிட்டே இருங்க, ஊத்தின தண்ணில கால் பங்கு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க. வத்தின பாய்லர்ல சூடா இருக்கும்போது ஜில் தண்ணி ஊத்தினா ஒரே நேரத்துல ஆவி குபுக்குன்னு கிளம்பும், கண்ணாடின்னா விரிசலே விட்டுடும்.

அடுப்ப அணைச்சதும் வடிச்ச தண்ணிய திரும்ப உள்ள இழுத்துக்குது

கண்டென்சர் முனை தண்ணிக்குள்ள முழுகி இருந்தா இது நடக்கும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா சுமார் 1,700 லிட்டர் இடம் பிடிக்கும், ஆறினா திரும்ப ஒரு லிட்டர் தான், அந்த காலி இடத்துக்கு எதையாவது உறிஞ்சியே ஆகும். மெல்லிய டின் பாத்திரமா இருந்தா உள்ள ஒடுங்கியே போய்டும். முனைய எப்பவும் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, தீர்ந்தது.

போன தடவ வடிச்ச வாசனை இந்த தடவயும் வருது

யூகலிப்டஸுக்கு அப்புறம் ரோஜா போட்டா இப்படித்தான். செடி இல்லாம வெறும் தண்ணிய அரை மணி நேரம் ஆவி ஓட்டுங்க, கண்டென்சர்ல தண்ணி விடாம, ஆவி சூடாவே சுருள் முழுக்க போய் வெளிய வரட்டும் (முனை யார் பக்கமும் இல்லாம பாத்துக்கோங்க). அப்படியும் வாசனை இருந்தா சிலிக்கான் கேஸ்கெட் தான் காரணம், அத மோந்து பாத்தாலே தெரியும். ஒவ்வொரு செடிக்கும் தனி கேஸ்கெட் வச்சுக்கிறவங்க இருக்காங்க, கொஞ்சம் ஓவர் தான், ஆனா யூகலிப்டஸுக்கும் புதினாவுக்கும் மட்டுமாவது ஒண்ண ஒதுக்கிடலாம்.

பாய்லர் அடில வெள்ளையா படியுது

உப்புத் தண்ணியோட சுண்ணாம்பு. முன்னாடி சொன்ன அதே சிட்ரிக் ஆசிட் கரைசல கொதிக்க வச்சா நுரைச்சு கழண்டுடும், கம்பி நார் போட்டு தேய்க்க வேண்டாம். ஆர்ஓ தண்ணி இல்ல மழைத் தண்ணி ஊத்தினா அவ்வளவா படியாது. ஸ்டீல்ல வானவில் மாதிரி தெரியறது சூட்டுல வர்ற நிறம், அத விட்டுடுங்க.

ஹைட்ரோசால்ல நூல் நூலா ஏதோ மிதக்குது

கெட்டுப் போச்சு, கொட்டுங்க. வடிகட்டி வச்சுக்கலாமான்னு கேக்காதீங்க. அடுத்த தடவ பாட்டிலயும் புனலயும் கொதிக்க வச்சு, காய வச்சு, நேரா அதுல பிடிச்சு, ஃப்ரிட்ஜ்ல வைங்க. எண்ணெய் பாட்டில் விளிம்பு வரைக்கும் நிரம்பி இருந்தா நல்லது, காலி இடத்துல இருக்கிற காத்து தான் அத கெடுக்கும்.

கண்ணாடி செட் வச்சிருக்கவங்களுக்கு

திடீர்னு குதிச்சு குதிச்சு கொதிச்சா பாய்லிங் ஸ்டோன் (சீரா கொதிக்க உள்ள போடுற சின்ன கல்லு) போடலன்னு அர்த்தம். உடைஞ்ச மண்பானைத் துண்டு கூட போதும், ஆனா ஜில்லுன்னு இருக்கும்போதே போடணும், கொதிக்கிறதுல போட்டா மொத்தமா பொங்கி முகத்துக்கு வரும். ஜாயிண்ட் ஒட்டிக்கிச்சுன்னா முறுக்காதீங்க, வெளிப்பக்கத்த மட்டும் ஹேர் டிரையர்ல சூடாக்கி மெதுவா ஆட்டுங்க, வெளிக் கண்ணாடி விரிஞ்சு விட்டுக் குடுக்கும். அடுத்த தடவ இளஞ்சூடு இருக்கும்போதே கழட்டி வச்சுடுங்க.